நீச்சல் குளத்து வேலி: தூணைத் தேர்ந்தெடுப்பதும் நடுவதும்

நீச்சல் குளத்துக்கு வேலி போட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது மேலே தெரியும் அழகைத்தான். கண்ணாடியா, கம்பியா, மரச்சட்டமா, என்ன நிறம் என்று அதிலேயே பாதி நேரம் போய்விடும். தூணைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும், அதுவும் அரைகுறையாக. சில வருடங்கள் கழித்து வேலி ஆடுகிறது, சாய்கிறது, கதவு ஒழுங்காக மூட மாட்டேன் என்கிறது என்று ஆளைக் கூப்பிட்டுத் தோண்டிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும். தூண் தரையைத் தொடும் அந்த ஒரு சாண் உயரம். மேலே பளபளவென்று நிற்கும் தூண் அங்கே மட்டும் அரித்துப் போயிருக்கும், இல்லாவிட்டால் அங்கே பிடிமானம் விட்டிருக்கும். ஆகவே தூண் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதன் கால் எதில் நிற்கப் போகிறது, அங்கே தண்ணீர் தேங்குமா என்பதுதான். என்ன உலோகம், என்ன மரம் என்பதெல்லாம் அப்புறம்.

தோட்டத்து வேலி கொஞ்சம் சாய்ந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். குளத்து வேலி அப்படியல்ல. உலக அளவில் நீரில் மூழ்கி இறப்பவர்களில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் விகிதம்தான் மிக அதிகம். அந்த வயதுக் குழந்தை சத்தமில்லாமல் நழுவிப் போகும், ஆபத்து என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வீட்டையும் குளத்தையும் சேர்த்து மனை எல்லையில் வேலி போடுவதைவிட, குளத்தை மட்டும் நான்கு பக்கமும் தனியாக வளைத்துப் போடுவதே பாதுகாப்பு என்று சொல்வதும் இதனால்தான். எல்லை வேலி பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தடுக்கும். பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடும் நம் வீட்டுக் குழந்தையைத் தடுக்காது.

அளவுகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியத் தரநிலையும் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலும் வேலியின் உயரம் குறைந்தது ஏறத்தாழ 1.2 மீட்டர் என்கின்றன. நிற்கும் கம்பிகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர், அதாவது 4 அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், கையை விட்டதும் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரில் என்ன விதி என்பதைத் தூண் வாங்குவதற்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உயரம் மாறினால் தூணின் நீளம் மாறும், குழியின் ஆழம் மாறும்.

இந்த விதிகள் எல்லாவற்றையும் ஒரு ஆடும் தூண் வீணாக்கிவிடும். கதவுத் தூணை எடுத்துக்கொள்வோம். கதவு 1 மீட்டர் அகலம். கீல் மாட்டிய தூண் கதவு இருக்கும் பக்கமாக வெறும் 1 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூணின் தலை ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். சட்டென்று கண்ணுக்குப் படாது. ஆனால் கதவின் மறுமுனை 17 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். தாழ்ப்பாளின் நாக்கு போய் விழ வேண்டிய இடத்தில் அவ்வளவு தளர்ச்சி கிடையாது. கதவு மூடியது போலத் தெரியும், தாழ் விழுந்திருக்காது. பெரியவர்கள் அதைத் தூக்கித் தள்ளி மூடப் பழகிவிடுவார்கள். குழந்தைக்கு வழி திறந்தே கிடக்கும். வேலித் தூண் உறுதியாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

குளத்துத் தண்ணீர் என்ன செய்யும்?

சாதாரண மழையைவிடக் குளத்துத் தண்ணீர் தூணுக்குக் கெடுதல். கிருமி கொல்லக் குளோரின் போடுகிறோம். அது வேலை செய்து முடித்ததும் குளோரைடாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். உப்பைப் பயன்படுத்திக் குளோரின் தயாரிக்கும் குளமாக இருந்தால் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் வரை உப்பு கரைந்திருக்கும். கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. "அவ்வளவுதானே" என்று தோன்றலாம். ஆனால் பிள்ளைகள் குதிக்கும்போது தெறித்த நீர் தூணின் அடியில் வடிந்து, வெயிலில் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுப் போகும். மறுநாள் இன்னொரு தெறிப்பு. ஒரு கோடை முழுக்க இப்படியே நடந்தால் தூணின் அடியில் சேரும் உப்பின் செறிவு குளத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு ஆகிவிடும். திறந்த வெளியில் மழை அதைக் கழுவிவிடும். கூரைக்கு அடியில் நிற்கும் தூணுக்கு அந்த உதவியும் இல்லை.

இன்னொரு எதிரி பலருக்குத் தெரியாது. தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்க ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கேன், குளோரின் மாத்திரை டப்பா, இரண்டையும் வேலியோரமாக வைத்துவிடுவார்கள். மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலே போதும், அதிலிருந்து கசியும் ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். ஒரே ஒரு தூண் மட்டும் மற்றதைவிட வேகமாகத் துருப்பிடித்தால் அதன் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இந்த இரண்டு மருந்துகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதே தவறு என்பது வேறு விஷயம். கலந்தால் நச்சுவாயு வரும்.

எந்தப் பொருள்?

என்னைக் கேட்டால், முதல் தடவை வேலி போடுகிறவருக்குப் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியத் தூண்தான் தலைவலி குறைந்தது. இரும்பைப் போலச் செந்துரு பிடிக்காது, எடை குறைவு, இரண்டு பேர் சேர்ந்து வேலையை முடித்துவிடலாம். 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் சாதாரண இடங்களுக்குச் சரி. கதவு மாட்டும் தூண்களுக்கு மட்டும் அடுத்த அளவு, 65 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, சுவர் கனம் 3 மில்லிமீட்டரில் எடுங்கள். வேலி முழுவதற்கும் ஒரே தூண் என்று வாங்குவது மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் மிச்சம் பிடிப்பது.

அலுமினியத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது சரியாக நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஒரு சாணில் இருக்கிறது. ஈரமான சிமெண்ட் கடும் காரம். வெற்று அலுமினியத்தை அதற்குள் நட்டால் இரண்டும் வினைபுரியும். உலோகத்தின் மேல்தோல் வெள்ளைப் பொடியாக உதிரும். கலவை இறுகிய பிறகு வேகம் குறைந்தாலும், குளோரைடு கலந்த நீர் அங்கே ஊறிக்கொண்டே இருந்தால் அரிப்பு மறுபடி தொடங்கும். பவுடர் கோட்டிங் இருக்கிறதே என்று நினைக்கலாம். தூணை நீளத்துக்கு வெட்டும்போது வெட்டு முனையில் பூச்சு கிடையாது, குழாயின் உள்பக்கத்திலும் பெரும்பாலும் கிடையாது. எனவே புதையும் பகுதிக்கும் அதற்கு மேலே ஒரு கையகலத்துக்கும் தார் வகைப் பூச்சு, அதாவது பிட்டுமென் பெயிண்ட், இரண்டு கை அடித்து நன்றாகக் காயவிட்டு அப்புறம் நடுங்கள். அரை மணி நேர வேலைதான். தூணின் ஆயுளில் பல வருடங்கள் இதில்தான் இருக்கின்றன.

இரும்புத் தூண் அலுமினியத்தைவிட விறைப்பு. கதவுத் தூணுக்கு இதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் "ஜி.ஐ.", அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான பொருள் விற்கிறது. ஒன்று, முதலிலேயே துத்தநாகம் பூசிய தகட்டைச் சுருட்டிக் குழாயாக்கியது. பூச்சு ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான் இருக்கும், வெட்டிய இடத்திலும் வெல்டிங் செய்த இடத்திலும் அதுவும் போய்விடும். இன்னொன்று, வெட்டி, துளைபோட்டு, வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுத்தது. தகட்டின் கனத்தைப் பொறுத்து 50 முதல் 70 மைக்ரானுக்கு மேல் ஏறும், குழாயின் உள்ளேயும் பூச்சு பிடிக்கும். குளத்துப் பக்கம் நிற்க வேண்டியது இரண்டாவது வகை. அதன் மேல் பெயிண்டோ பவுடர் கோட்டிங்கோ சேர்ந்தால் இன்னும் நல்லது. முக்கி எடுத்த தூணைக் கொண்டுவந்த பிறகு "இங்கே ஒரு ஓட்டை போட்டுக்கலாம்" என்று துளைபோட்டால் அந்த ஓட்டையிலிருந்துதான் துரு இறங்கும். ஓட்டைகளை முன்பே திட்டமிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெயர் அப்படி இருப்பதால் கறையே படியாது என்ற நம்பிக்கை. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கி உலோகத்தைக் காப்பாற்றும். குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே ஊசி முனை அளவுக்குத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் பழுப்புநிறக் கறை தெரியும், பிறகு குழிகுழியாக அரிக்கும். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ப்பதால் குளோரைடுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். உப்புக் குளத்துக்கும் கடலோரத்துக்கும் அதைவிடத் தாங்குவது 2205 என்ற டூப்ளெக்ஸ் ரகம். கண்ணாடி வேலியைப் பிடித்து நிற்கும் குட்டைக் கால்களில் இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு என்று சொல்வார்கள். அந்தச் சோதனையை நம்பி வாங்காதீர்கள். 304-லும் காந்தம் ஒட்டாது, 316-லும் ஒட்டாது, இரண்டையும்விட மட்டமான 200 வரிசையிலும் பெரும்பாலும் ஒட்டாது. உயர்ந்த ரகமான 2205-ல் ஒட்டும். ரகம் எழுதிய பில்லும் உற்பத்தியாளரின் சோதனைச் சான்றும்தான் பேச வேண்டும். ஒரு விஷயம் கூட: மேற்பரப்பு கண்ணாடி போல் மெருகாக இருந்தால் உப்பு தங்குவது குறைவு, சொரசொரப்பான கோடு போட்ட மேற்பரப்பில் அதிகம்.

மரத்தூண் வேண்டும் என்பவர்கள் மண்ணில் புதைக்கத் தகுந்தது என்று குறிக்கப்பட்ட, மருந்து ஏற்றிய மரத்தை வாங்க வேண்டும். தரைக்கு மேல் பயன்படுத்தும் மரத்துக்கும் இதற்கும் ஏற்றிய மருந்தின் அளவு வேறு. மரம் அழுகுவதற்குப் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது தரைமட்டத்தில். அதனால்தான் பழைய மரத்தூண்கள் எப்போதும் அந்த இடத்திலேயே ஒடிகின்றன. மருந்து மரத்தின் நடுவரை முழுதாக ஏறியிருக்காது, ஆகவே நீங்கள் அறுத்த முனையை மேல்பக்கம் வைத்து, அதற்கும் மருந்து தடவி, கீழே ஆலையில் வெட்டிய முனையையே வையுங்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் சாதாரண ஆணியையும் அலுமினியத்தையும் அரிக்கும். திருகும் ஆணியும் ஸ்டெயின்லெஸ்ஸிலோ முக்கி எடுத்த துத்தநாகப் பூச்சிலோ இருக்கட்டும்.

பிவிசி தூண் அழுகாது, துருப்பிடிக்காது. ஆனால் வெறும் கூடு. உள்ளே அலுமினிய அல்லது இரும்புக் குழாயைச் செருகினால்தான் நிமிர்ந்து நிற்கும், கதவுத் தூணில் அது கட்டாயம். கான்கிரீட் தூணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: உள்ளே இருக்கும் கம்பிக்கு மேல் போதுமான கலவை மூடியிருந்தால் காலத்துக்கும் நிற்கும், மயிரிழை விரிசல் விட்டு உள்ளே குளோரைடு இறங்கினால் கம்பி வீங்கி வெடிக்கும்.

கால் நிற்கும் மூன்று விதம்

மண்ணில் குழிதோண்டிக் கான்கிரீட்டில் நடலாம். ஏற்கெனவே இருக்கும் கான்கிரீட் தளத்தில் துளைபோட்டு உள்ளே இறக்கலாம். அல்லது தளத்தின் மேல் அடித்தட்டு வைத்து போல்ட் போட்டு முறுக்கலாம். வசதியாகத் தெரிவது மூன்றாவது. அதிகம் ஆடிப்போவதும் அதுதான். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

1.2 மீட்டர் உயரத் தூணின் தலையில் ஒருவர் 50 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சாய்கிறார். விளையாட்டாக வேலியில் மோதினாலே இவ்வளவு வந்துவிடும். அடித்தட்டு 100 மில்லிமீட்டர் சதுரம், நான்கு மூலையிலும் போல்ட். தூண் சாயப் பார்க்கும்போது தட்டின் ஒரு விளிம்பு தரையில் ஊன்றிக்கொள்ளும், எதிர்ப்பக்கத்து இரண்டு போல்ட்டுகள் இழுபடும். ஊன்றிய விளிம்புக்கும் அந்தப் போல்ட்டுகளுக்கும் இடையே 90 மில்லிமீட்டர்தான். 50 கிலோவை 1200-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 660 கிலோவுக்கு மேல். ஒரு போல்ட்டுக்கு 330 கிலோ, மேல்நோக்கிப் பிடுங்கும் விசை. தட்டை 150 மில்லிமீட்டராகப் பெரிதாக்கி, போல்ட்டுகளையும் அதற்கேற்பத் தள்ளி வைத்தால் இடைவெளி 135 ஆகிறது, மொத்த இழுவை 450 கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. தட்டின் அகலத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது இதிலிருந்தே தெரியும்.

போல்ட்டைப் பிடிக்கும் தளமும் தகுதியாக இருக்க வேண்டும். குறைந்தது 100 மில்லிமீட்டர் கனமுள்ள, விரிசல் இல்லாத கான்கிரீட் வேண்டும். டைல்ஸின் மேலோ மணலில் பதித்த கற்களின் மேலோ போல்ட் போட்டால் பிடிமானம் அந்தக் கல்லோடு முடிந்துபோகும். அங்கே கல்லை எடுத்துவிட்டு அடியில் தனி அஸ்திவாரம் போட்டாக வேண்டும். குளத்தின் ஓரக்கல்லில் துளைபோடவே வேண்டாம். தளத்தின் விளிம்பிலிருந்து முடிந்தவரை உள்ளே தள்ளி வையுங்கள். முறுக்கும்போது விரிந்து பிடிக்கும் வகை ஆங்கர் போல்ட் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளிப்பக்கமாகத் தள்ளும், விளிம்புக்கு அருகில் என்றால் அந்தப் பகுதியே பெயர்ந்து வந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களுக்குப் பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் பொருத்தம். அதற்கும் தயாரிப்பாளர் சொல்லும் விளிம்புத் தூரம் உண்டு. துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி எடுக்காவிட்டால் பசை தூசியைப் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது.

தளத்தில் துளைபோட்டு இறக்கும் முறை, கோர் கட்டிங் என்பார்கள், அடித்தட்டைவிட உறுதி. தளம் கனமாக இருக்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் மட்டும் அடியில் தடித்த கட்டை கட்டியிருக்க வேண்டும். துளைக்கும் தூணுக்கும் நடுவே சுருங்காத சிமெண்ட் கிரவுட் ஊற்றுவார்கள். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சீக்கிரம் இறுகுகிறது என்பதற்காக ஜிப்சம் கலந்த கலவையை ஊற்றிவிட்டால், தொடர்ந்து நனையும் இடத்தில் அது மெதுவாக இளகி உதிரும். வெளிப்புறத்துக்கும் நனையும் இடத்துக்கும் உரியது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

நடும் வேலை

தோண்டுவதற்கு முன்னால் நிலத்தடியில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். குளத்தைச் சுற்றி உறிஞ்சும் பைப், திரும்பி வரும் பைப், விளக்குக்குப் போகும் ஒயர் எல்லாம் புதைந்திருக்கும். குளம் கட்டியவரிடம் வரைபடம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உலோக வேலி குளத்துக்கு அருகில் வந்தால் அதையும் குளத்தின் மற்ற உலோகப் பாகங்களோடு ஒயர் போட்டு இணைக்க வேண்டியிருக்கும், எங்காவது மின்கசிவு வந்தாலும் தொடும் பொருட்களுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு இல்லாமல் இருக்க. அமெரிக்க மின்விதிகளில் குளத்தின் உட்சுவரிலிருந்து 5 அடிக்குள் நிலையாக நிற்கும் உலோகத்துக்கு இது பொருந்தும். இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், சொந்தக் கைவேலை வேண்டாம்.

இன்னொன்று: குளம் கட்டத் தோண்டியபோது சுவருக்கு வெளியே கொஞ்ச அகலத்துக்கு மண்ணை மறுபடி நிரப்பியிருப்பார்கள். அந்த மண் பல வருடங்களுக்கு அமுங்கிக்கொண்டே இருக்கும். தூண் அதில் நின்றால் அதுவும் கூடவே இறங்கும். முடிந்தால் வேலியைக் கலைக்காத மண்ணுக்குத் தள்ளுங்கள், நடக்கவும் இடம் கிடைக்கும்.

வேலையைக் கதவிலிருந்து தொடங்குங்கள். பலர் ஒரு மூலையில் ஆரம்பித்து வந்து, மிச்சமிருக்கும் இடத்தில் கதவைத் திணிக்கிறார்கள். கதவுக்குச் சமதரை வேண்டும், திறக்கும் பக்கம் மேடு இருக்கக் கூடாது, கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் கம்பெனி சொன்ன இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் இருக்க வேண்டும். ஆகவே கதவுத் தூண் இரண்டையும் முதலில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு பக்கமும் போங்கள். மூலைத் தூண்களுக்கு நடுவே நூல் கட்டுங்கள், அடியில் ஒன்று, தலைமட்டத்தில் ஒன்று. டேப்பை வைத்து எல்லாக் குழியையும் ஒரே மூச்சில் குறித்துவிட்டால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து கடைசிப் பலகை, அதாவது இரண்டு தூணுக்கு நடுவே மாட்டும் வேலித் துண்டு, பொருந்தாமல் போகும். ஒரு தூணை நட்டு, பலகையை வைத்துப் பார்த்து, அடுத்த தூணின் இடத்தை அதிலிருந்தே குறிப்பது நிதானமான வழி.

குழியின் ஆழத்துக்கு வழக்கமான கணக்கு, மேலே நிற்கும் உயரத்தில் பாதி. அதாவது தூணின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். 1.2 மீட்டர் வேலிக்கு 600 மில்லிமீட்டர். அடியில் போடும் ஜல்லிக்கு இன்னும் 100 சேர்த்துத் தோண்டுங்கள். அகலம் தூணின் அகலத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு. 50 மில்லிமீட்டர் தூணுக்கு 200. மணற்பாங்கான மண்ணிலும், மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும் களிமண்ணிலும் இதைவிட ஆழம் வேண்டும். பனியில் நிலம் உறையும் நாடுகளில் உறையும் மட்டத்துக்குக் கீழே போகாவிட்டால் குளிர்காலம் தூணை மேலே தூக்கிவிடும். குழி வாய் அகன்று அடி குறுகிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடி கொஞ்சம் அகன்றிருப்பதே நல்லது, பிடுங்க வராது.

200 மில்லிமீட்டர் அகலத்தில் 600 ஆழத்துக்கு ஏறக்குறைய 19 லிட்டர் கான்கிரீட் பிடிக்கும், எடை 45 கிலோ அளவு. இருபது தூண் என்றால் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஆளை அழையுங்கள். உலர்ந்த கலவையைக் குழியில் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. சாதாரண வேலிக்கு எப்படியோ போகட்டும், குளத்து வேலிக்கு வேண்டாம். தண்ணீர் ஒரே மாதிரி இறங்காது, அடியில் பொடியாகவே நிற்கும். வெளியே கலந்து, கொட்டி, கம்பியால் நன்றாகக் குத்தி, காற்றுப் பொந்து இல்லாமல் நிரப்புங்கள். ரசமட்டத்தைத் தூணின் அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் வைத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் பார்ப்பது பாதி வேலை. குளத்தைச் சுற்றியுள்ள தளத்துக்குத் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதனால் தரையை நம்பி மூலைமட்டம் பிடித்தால் தூண் நிச்சயம் சாயும்.

கான்கிரீட்டின் மேல்முகத்தைத் தரையோடு தட்டையாக முடிக்காதீர்கள். தூணைச் சுற்றி 2, 3 சென்டிமீட்டர் உயர்த்தி, வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். தெறித்த நீர் அங்கே ஒரு நிமிடம் கூடத் தங்கக் கூடாது. கான்கிரீட் இறுகும்போது தூணிலிருந்து மயிரிழை விலகும், அந்தச் சந்தை ஈரம் தாங்கும் சீலன்ட் வைத்து அடையுங்கள். மரத்தூணுக்கு அடியில் கான்கிரீட் போட்டு மூடிவிடக் கூடாது. அது கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்தின் அடிமுனை ஜல்லியின் மேலேயே நிற்கட்டும், இறங்கிய நீர் மண்ணுக்குப் போய்விடும். குழாய்த் தூண் என்றால் தலைமூடியைப் பசை வைத்து இறுக்குங்கள்.

அப்புறம் பொறுமை. தூண்களுக்கு முட்டுக் கொடுத்து இரண்டு நாளாவது தொடாமல் விடுங்கள், கான்கிரீட்டை ஈரச்சாக்கு போட்டு நனைத்து வாருங்கள். பலகைகளை அதன் பிறகு மாட்டலாம். கதவை மட்டும் ஒரு வாரம் கழித்து மாட்டுங்கள், அதன் எடை முழுக்க ஒரே தூணில் ஒரே பக்கமாகத் தொங்குவதால். கான்கிரீட் முழு பலத்துக்கு வருவதற்குக் கணக்கு 28 நாள்.

அலுமினியத் தூணில் ஸ்டெயின்லெஸ் திருகு போடும்போது இரண்டு உலோகமும் நேரடியாகத் தொடாமல் நைலான் வாஷர் வையுங்கள். உப்புநீர் படும் இடத்தில் இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி இருந்தால் அலுமினியம்தான் கரையும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அது ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

தூணுக்குச் சாய்வு முட்டு நிரந்தரமாக வேண்டியிருந்தால் அது குழந்தை கால் வைத்து ஏறும் படியாகிவிடக் கூடாது. குறுக்குச் சட்டங்களும் அப்படித்தான். ஆஸ்திரேலியத் தரநிலை மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே 900 மில்லிமீட்டர் இடைவெளி கேட்பது இதற்காகவே. பூந்தொட்டி, நாற்காலி, பம்ப் பெட்டி எதுவும் வேலிக்கு வெளிப்பக்கம் கையெட்டும் தூரத்தில் வேண்டாம். தரை சரிந்து போகும் இடத்தில் பலகைக்குக் கீழே உள்ள சந்தையும் அளந்து பாருங்கள், 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. புல் அல்லது தளர்ந்த மண் என்றால் அதிலும் பாதியே நல்லது, கையால் பறித்து நுழைந்துவிட முடியும்.

பிறகு பார்த்துக்கொள்வது பெரிய வேலை இல்லை. குளத்தை அதிகம் பயன்படுத்தும் மாதங்களில் வாரம் ஒருமுறை தூண்களின் அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், கூரைக்கு அடியில் இருப்பவற்றை மறக்காமல். தூணைச் சுற்றி மண்ணோ காய்ந்த இலையோ குவிந்து கான்கிரீட் மேட்டை மூடினால் வாரிவிடுங்கள். பூச்சில் கீறல் விழுந்தால் அந்த வாரமே தொட்டு அடியுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தூணையும் தலையில் பிடித்து இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள். அடித்தட்டு வகை என்றால் நட்டுகளையும் ஒரு திருப்பு திருப்பிப் பாருங்கள். கடைசியாகக் கதவு. முழுதாகத் திறந்து விடுங்கள், தானாக மூடித் தாழ் விழ வேண்டும். பிறகு ஒரு விரற்கடை மட்டும் திறந்து கையை எடுங்கள். முழுதாகத் திறக்கும்போது வேகத்தில் தாழிட்டுக்கொள்ளும் கதவு, இந்த இரண்டாவது சோதனையில்தான் பெரும்பாலும் நின்றுவிடும். நின்றால் கீலின் ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு முன்னால் ரசமட்டத்தை எடுத்துக் கதவுத் தூணில் வைத்துப் பாருங்கள்.